அட்டவணையை நினைத்த இடத்தில் நிறுத்துவது எப்படி? வேர்டுக்கும் லிப்ரே ஆஃபீஸுக்கும் ஒரு முழு வழிகாட்டி

ஆய்வேடோ, கேள்வித்தாளோ, சங்கத்தின் ஆண்டறிக்கையோ, எதைத் தட்டச்சு செய்து கொடுத்தாலும் கடைசியில் ஒரு வேலை மிஞ்சும். "அந்த டேபிளைக் கொஞ்சம் வலது பக்கமாத் தள்ளி, பக்கத்துல எழுத்து வர்ற மாதிரி வச்சிடுங்க" என்பார்கள். கேட்கிறவருக்கு அது விரலால் நகர்த்துகிற வேலை. செய்து பார்த்தவருக்குத் தெரியும், அட்டவணை ஒன்று அசையவே அசையாது, இல்லையென்றால் ஊர் சுற்றக் கிளம்பிவிடும்.

நானும் பட்டிருக்கிறேன். ஓர் ஆய்வேட்டில் பதினான்கு அட்டவணைகளை மவுஸால் இழுத்து இழுத்து அழகாக உட்கார வைத்திருந்தேன். மறுநாள் பைண்டிங். முந்தைய இரவு நெறியாளர் நன்றியுரையில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்த அட்டவணை நாற்பத்திரண்டுக்குப் போய் அங்கே இருந்த இன்னொன்றின் தோளில் ஏறிக்கொண்டது. அதைச் சரிசெய்தால் அடுத்தது நகர்ந்தது. விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் விஷயம் புரிந்தது: "பக்கத்தில் எந்த இடம்" என்பது ஒரு கேள்வி, "எந்தப் பக்கம்" என்பது வேறொரு கேள்வி. மவுஸால் இழுக்கும்போது முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டாவதற்கு வேர்டு தானாக ஒரு பதிலை எழுதிக்கொள்கிறது, நம்மிடம் சொல்லாமல்.

கீழே வருவதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கையாளும் வழிதான். ஒரு வார்த்தைக் குழப்பத்தை மட்டும் முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். தமிழில் பத்தி என்றால் பாராகிராஃபும் பத்தி, செய்தித்தாளில் மேலிருந்து கீழே ஓடும் காலமும் (column) பத்தி. இரண்டும் இந்த வேலையில் வருவதால், பாராகிராஃபை இங்கே "பாரா" என்றே எழுதுகிறேன்.

மிதக்க விடத்தான் வேண்டுமா?

என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் மிதக்கும் அட்டவணையே, அதாவது எழுத்து பக்கவாட்டில் ஓடும்படி தனியாக நிற்கும் அட்டவணையே, தேவையில்லை. அட்டவணை பக்கத்தின் நடுவில் நின்றால் போதும், அல்லது இடப்பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால் போதும். அதற்கு அட்டவணைக்குள் ரைட் க்ளிக் செய்து டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் போய், முதல் தாவலில் அலைன்மென்ட் என்ற இடத்தில் சென்டர் கொடுத்தால் வேலை முடிந்தது. உள்ளே தள்ள வேண்டுமானால் லெஃப்ட் கொடுத்து, பக்கத்தில் இருக்கும் இண்டென்ட் ஃப்ரம் லெஃப்ட் கட்டத்தில் 1.5 செ.மீ. என்று போடலாம். இப்படி வைத்த அட்டவணை எழுத்தோடு எழுத்தாக, ஒரு பாரா மாதிரியே நடந்துகொள்ளும். மேலே பத்து வரி சேர்த்தால் பத்து வரி கீழே இறங்கும். எங்கும் ஓடாது.

அட்டவணை ஒரு பக்கத்தைத் தாண்டி நீளுமானாலும் மிதக்க விடாதீர்கள். அடுத்த பக்கத்திலும் தலைப்பு வரிசை திரும்ப வரவேண்டும் என்று ரிபீட் ஹெடர் ரோஸ் போட்டிருப்பீர்கள். எழுத்து சூழ்ந்த அட்டவணையில் அது கைவிட்டுவிடும். "தலைப்பு ரிபீட் ஆகமாட்டேங்குது" என்று யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அகலம் அதிகமாகிப் பக்கத்துக்குள் அடங்காத அட்டவணைக்கும் மிதப்பு மருந்தல்ல. அந்தப் பக்கத்துக்கு மட்டும் முன்னும் பின்னும் செக்‌ஷன் பிரேக் போட்டு லேண்ட்ஸ்கேப்பாகத் திருப்புங்கள்.

சரி, எழுத்து பக்கவாட்டில் ஓட வேண்டும், அல்லது பக்கத்தின் ஒரு மூலையில் அட்டவணை நிற்க வேண்டும் என்றால்தான் இனி வருவது.

வேர்டில்: இழுப்பதற்கு முன் அகலம்

பிரிண்ட் லேஅவுட் பார்வையில் அட்டவணையின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் இடது மேல் மூலையில் நான்கு பக்கமும் அம்பு வைத்த சின்னக் குறி தெரியும். அதைப் பிடித்து இழுத்தால் அட்டவணை நகரும். அந்தக் கணமே வேர்டு அதை மிதக்கும் அட்டவணையாக மாற்றிவிடும். பெரும்பாலானோர் இங்கேதான் தொடங்குகிறார்கள், இங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஏனென்றால் வேர்டில் புதிதாகப் போடும் அட்டவணை மார்ஜினிலிருந்து மார்ஜின் வரை முழு அகலம் எடுத்துக்கொள்ளும். அதை எங்கே இழுத்தாலும் பக்கத்தில் எழுத்து வர இடம் ஏது?

ஒரு கணக்குப் பார்ப்போம். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம். இரண்டு பக்கமும் 2.54 செ.மீ. மார்ஜின் என்றால் எழுத்துக்குக் கிடைப்பது 15.92 செ.மீ. அட்டவணை 6 செ.மீ. என்றால், இடைவெளி போகச் சுமார் 9.5 செ.மீ. எழுத்துக்கு மிஞ்சும். இது நல்ல அளவு. அட்டவணை 10 செ.மீ. என்றால் எழுத்துக்கு ஐந்தரைதான். ஆங்கிலமென்றால் எப்படியாவது ஒப்பேற்றலாம். தமிழில் "ஒப்படைக்கப்பட்டிருந்தவற்றிலிருந்து" மாதிரி ஒரு சொல் வந்தால் அதுவே ஒரு வரியைத் தின்றுவிடும். ஜஸ்டிஃபை வேறு போட்டிருந்தால் சொல்லுக்குச் சொல் மாட்டுவண்டி போகிற இடைவெளி விழும். தமிழ் எழுத்துக்கு எட்டு செ.மீ.க்குக் குறைந்த சந்து கிடைத்தால் நான் அட்டவணையை மிதக்க விடுவதில்லை. விட்டே ஆகவேண்டுமென்றால் அந்தப் பாராவுக்கு மட்டும் இடப்பக்க ஒழுங்கு.

இன்னொன்று. மிஞ்சும் சந்து ஓர் அங்குலத்துக்கும், அதாவது 2.54 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் வேர்டு அதில் எழுத்தே விடாது. "அரவுண்ட் கொடுத்தும் எழுத்து பக்கத்துல வரலையே" என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம் (அரவுண்ட் என்பது அட்டவணையைச் சுற்றி எழுத்தை ஓடவிடும் தேர்வு, கீழே வரும்).

ஆகவே முதல் வேலை அகலத்தைப் பூட்டுவது. அட்டவணைக்குள் கர்சரை வைத்து, மேலே வரும் டேபிள் லேஅவுட் தாவலில் ஆட்டோஃபிட் பொத்தானின் கீழ் ஃபிக்ஸ்டு காலம் விட்த் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நீளமான தமிழ்ச் சொல் ஒன்றைக் கட்டத்தில் அடித்ததும் கட்டம் தானாக விரிந்து உங்கள் கணக்கையெல்லாம் கெடுக்கும். பிறகு டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் காலம் தாவலில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அளவு கொடுங்கள். அளவுகள் அங்குலத்தில் காட்டினால் பயப்பட வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் சென்டிமீட்டருக்கான இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்த்து அடித்தால் வேர்டே மாற்றிக்கொள்ளும்.

ஒன்றைச் செய்து பார்ப்போம்: இட்லி மாவுக் குறிப்பு

சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று. இட்லி மாவு அரைக்கும் பக்குவத்தை இரண்டு மூன்று பாராவில் எழுதியிருக்கிறோம். வலப்பக்கம் சின்னதாக ஒரு பட்டியல் வேண்டும்: இட்லி அரிசி 4 கப், உளுந்து 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன், உப்பு தேவைக்கு. மேலே பொருள், அளவு என்ற தலைப்பு. ஆக இரண்டு நெடுவரிசை, ஐந்து வரிசை.

1. "அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊற வைக்கவும்" என்று தொடங்கும் பாராவின் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வையுங்கள். அங்கேயே இன்செர்ட், டேபிள் வழியாக அட்டவணையைப் போடுங்கள். இந்த இடத்தேர்வுதான் இரண்டாவது கேள்விக்கான பதில்: இந்தப் பாரா எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் அட்டவணையும்.

2. விவரங்களை அடித்து முடித்துவிட்டு, மேலே சொன்னபடி அகலத்தைப் பூட்டுங்கள். முதல் நெடுவரிசை 3.5, இரண்டாவது 2.5. மொத்தம் 6 செ.மீ.

3. ரைட் க்ளிக், டேபிள் ப்ராப்பர்ட்டீஸ், டேபிள் தாவல். கீழே டெக்ஸ்ட் ராப்பிங் என்ற இடத்தில் நன், அரவுண்ட் என்று இரண்டு படங்கள் இருக்கும். அரவுண்ட் தேர்ந்தெடுங்கள். அதுவரை மங்கிக் கிடந்த பொசிஷனிங் பொத்தான் இப்போது உயிர்பெறும். அதை அழுத்துங்கள்.

4. ஹாரிசாண்டல் பகுதியில் பொசிஷன் கட்டத்தில் ரைட், பக்கத்தில் ரிலேட்டிவ் டு என்பதில் மார்ஜின்.

5. வெர்ட்டிகல் பகுதியில் பொசிஷன் கட்டத்தில் 0 செ.மீ., ரிலேட்டிவ் டு என்பதில் பாராகிராஃப். பொசிஷன் கட்டத்தில் அம்புக்குறி இருப்பதால் அதில் உள்ளதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் எண்ணும் அடிக்கலாம்.

6. டிஸ்டன்ஸ் ஃப்ரம் சரவுண்டிங் டெக்ஸ்ட் என்ற பகுதியில் இடப்பக்கம் 0.5, கீழே 0.2, மற்றவை 0. வலப்பக்கம் மார்ஜினை ஒட்டி நிற்பதால் அங்கே இடைவெளி தேவையில்லை.

7. மூவ் வித் டெக்ஸ்ட் டிக் இருக்கட்டும். அலவ் ஓவர்லேப் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஓகே கொடுத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். பாராவுக்கு மேலே ஏழெட்டு முறை என்டர் தட்டுங்கள். பாரா இறங்க இறங்க அட்டவணையும் கூடவே இறங்க வேண்டும். அடுத்த பக்கத்துக்குப் பாரா போனால் அட்டவணையும் போகவேண்டும். போனால் சரி. கண்ட்ரோல் + இசட் அடித்து என்டர்களை எடுத்துவிடுங்கள்.

ஒரு சின்ன அழகுக் குறைபாடு வரலாம். பாரா நான்கே வரி, அட்டவணை ஏழு வரி உயரம் என்றால் அடுத்த பாராவும் அட்டவணையின் பக்கத்திலேயே ஓடும். அது பரவாயில்லை. ஆனால் அடுத்து வருவது தலைப்பு என்றால், "சட்னி வகைகள்" என்ற தலைப்பு இட்லி அட்டவணையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கச் சகிக்காது. தலைப்புக்கு மேல் இடைவெளியைக் கூட்டலாம், அல்லது அட்டவணையை இன்னும் நீளமான ஒரு பாராவோடு சேர்க்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

ரிலேட்டிவ் டு: எதிலிருந்து அளப்பது?

இந்த டயலாக்கில் உயிர்நாடி இதுதான். 3 செ.மீ. என்று எழுதினால் எதிலிருந்து மூன்று? கிடைவாக்கில் மார்ஜின், பேஜ், காலம் என்று மூன்று தேர்வு. நெடுவாக்கில் மார்ஜின், பேஜ், பாராகிராஃப்.

பேஜ் என்றால் தாளின் ஓரத்திலிருந்து. மார்ஜின் என்றால் எழுத்துப் பரப்பின் ஓரத்திலிருந்து. பின்னால் யாராவது மார்ஜினை 2.54இலிருந்து 3.5 ஆக மாற்றினால், மார்ஜினோடு கட்டியது கூடவே நகரும், பேஜோடு கட்டியது நகராமல் எழுத்துப் பரப்பை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆய்வேட்டுக்கு மார்ஜின் அளவு கடைசி நேரத்தில் மாறுவது எல்லாப் பல்கலைக்கழகத்திலும் நடக்கிற கூத்து என்பதால் மார்ஜினே நல்லது. காலம் என்பது பக்கத்தை இரண்டு மூன்று செய்தித்தாள் பத்திகளாகப் பிரித்திருக்கும்போதுதான் பொருள்படும். ஒற்றைப் பத்திப் பக்கத்தில் அதற்கும் மார்ஜினுக்கும் வித்தியாசம் தெரியாது.

நெடுவாக்கில்தான் பெரிய வித்தியாசம். பாராகிராஃப் என்றால் அட்டவணை பாராவோடு இறங்கும், ஏறும். பேஜ் அல்லது மார்ஜின் என்றால் பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பேஜ் கொடுத்துட்டேன், இனி அந்தப் பக்கத்தை விட்டுப் போகாது" என்று நினைக்கிறார்கள். போகும். வேர்டில் மிதக்கும் அட்டவணை எதுவானாலும் அதற்கு அடுத்து வரும் பாராவோடு கட்டப்பட்டதுதான். பாரா ஆறாம் பக்கத்திலிருந்து ஏழுக்குப் போனால் அட்டவணையும் ஏழாம் பக்கத்தில் அதே உயரத்தில் போய் நிற்கும். உயரத்தை மட்டும்தான் நீங்கள் பூட்டினீர்கள், பக்கத்தை அல்ல.

கோப்பின் உள்ளே பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. அதைப் பிரித்து உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லைப் படித்தால், மிதக்கும் அட்டவணையும் சாதாரண அட்டவணை மாதிரியே இரண்டு பாராக்களுக்கு நடுவில்தான் எழுதப்பட்டிருக்கும். கூடுதலாக ஒரே ஒரு வரி: எதிலிருந்து எவ்வளவு தூரம், பக்கவாட்டில் எவ்வளவு இடைவெளி. அளவெல்லாம் அங்குலத்துக்கு 1440 என்ற கணக்கில் இருக்கும். டயலாக்கில் இடது வலது இடைவெளி 0.13 அங்குலம் அல்லது 0.32 செ.மீ. என்று எங்கிருந்தோ வந்த எண்ணாகத் தெரிகிறதே, அது உள்ளே 180. அதாவது சரியாக அரைக்கால் அங்குலம்.

அப்படியானால் ஓர் அட்டவணை எந்தப் பாராவோடு கட்டப்பட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படங்களுக்குக் காட்டுகிற நங்கூரக் குறியை அட்டவணைக்கு எதிர்பார்க்க வேண்டாம். குறுக்குவழி இது: டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ராப்பிங்கை நன் என்று மாற்றி ஓகே கொடுங்கள். அட்டவணை தன் சொந்த வீட்டுக்குப் போய்விடும். அதற்கு நேர் கீழே இருக்கும் பாராதான் அதன் சொந்தக்காரர். பார்த்துவிட்டு கண்ட்ரோல் + இசட். வேறு பாராவோடு கட்ட வேண்டுமானால், மூலைக் குறியைச் சொடுக்கி முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து, வெட்டி, வேண்டிய பாராவின் முதல் எழுத்துக்கு முன்னால் ஒட்டுங்கள். பிறகு பொசிஷனிங் அளவுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

அந்த ஆய்வேட்டு இரவில் நான் கடைசியில் செய்தது இதைத்தான், பதினான்கு முறை.

கேள்வித்தாளின் மூலைக் கட்டம்

பாராவோடு நகரக்கூடாத அட்டவணையும் உண்டு. கேள்வித்தாளின் வலது மேல் மூலையில் பதிவு எண் எழுதும் கட்டங்கள் நல்ல உதாரணம். ஒரே வரிசை. முதல் கட்டத்தில் "பதிவு எண்", பிறகு 0.6 செ.மீ. அகலத்தில் எண்ணுக்கொரு கட்டம். வரிசை உயரம் 0.8 செ.மீ., ரோ தாவலில் எக்ஸாக்ட்லி என்று பூட்டவும்.

இதற்குக் கிடைவாக்கில் ரைட், மார்ஜின். நெடுவாக்கில் 1.2 செ.மீ., பேஜ். கணக்கைப் பாருங்கள்: தாளின் மேல் விளிம்பிலிருந்து 1.2இல் தொடங்கி 2.0இல் முடிகிறது. எழுத்து 2.54இல்தான் தொடங்குகிறது. ஆகவே கல்லூரிப் பெயரும் பாடத் தலைப்பும் கட்டத்தோடு மோதாமல் நடுவிலேயே நிற்கும். இதையே 2 செ.மீ.யில் வைத்திருந்தால் தலைப்பு வரியின் மீது ஏறி, நடுவில் நிற்க வேண்டிய கல்லூரிப் பெயரை இடப்பக்கம் தள்ளியிருக்கும். பல கேள்வித்தாள்களில் தலைப்பு கோணலாக நிற்பதற்கு இதுதான் காரணம். ஒரு செ.மீ.க்கு மேலே மட்டும் போகாதீர்கள், சில பிரிண்டர்கள் தாளின் ஓரத்தை அச்சிடாமல் விட்டுவிடும்.

இந்த அட்டவணை தாளின் முதல் பாராவோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். முதல் பாரா முதல் பக்கத்தை விட்டு எங்கே போகப்போகிறது? எல்லாப் பக்கத்திலும் கட்டம் வேண்டுமென்றால் ஹெடருக்குள் இரண்டு முறை சொடுக்கித் திறந்து அங்கே அட்டவணையைப் போடுங்கள். அளவுகள் அதேதான்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அட்டவணை

"வரவு இந்தப் பக்கம், செலவு அந்தப் பக்கம்" என்று கேட்பார்கள். இரண்டையும் மிதக்க விட்டு ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்துவது முடியாத காரியமல்ல. ஆனால் நான் செய்யமாட்டேன். ஒன்றில் ஒரு வரிசை கூடினாலே ஜோடி கலைந்துவிடும்.

அதற்குப் பதில் ஒரு வரிசை, மூன்று கட்டம் வைத்த வெளி அட்டவணை ஒன்று போடுங்கள். நடுக்கட்டம் 0.6 செ.மீ., வெறும் இடைவெளிக்கு. இடக்கட்டத்துக்குள் வரவு அட்டவணை, வலக்கட்டத்துக்குள் செலவு அட்டவணை. வெளி அட்டவணையின் கோடுகளை நோ பார்டர் கொடுத்து அழித்துவிட்டால் இரண்டு தனி அட்டவணை மாதிரியே தெரியும். எதுவும் மிதக்கவில்லை, எதுவும் ஓடாது. வேர்டில் செய்ததை லிப்ரே ஆஃபீஸின் எழுதும் செயலியான ரைட்டரில் திறந்தாலும் கலையாது.

டெக்ஸ்ட் பாக்ஸ் என்ற இன்னொரு வழி

இன்செர்ட் தாவலில் ட்ரா டெக்ஸ்ட் பாக்ஸ் எடுத்து ஒரு பெட்டி வரைந்து, அதற்குள் அட்டவணையைப் போடலாம். பெட்டியின் கோட்டை நோ அவுட்லைன் கொடுத்து எடுத்துவிட வேண்டும். இதன் வசதி என்னவென்றால் பெட்டிக்கு நங்கூரக் குறி கண்ணுக்குத் தெரியும், அம்பு விசைகளால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தலாம், லாக் ஆங்க்கர் போட்டுப் பாராவை மாற்றாமல் பூட்டலாம். படத்தின் மேல் அட்டவணை வைக்க வேண்டிய அழைப்பிதழ், நோட்டீஸ் வேலைகளுக்கு இதுதான் சரி.

ஆய்வேட்டுக்கு வேண்டாம். பெட்டி பக்கம் தாண்டி உடையாது, உள்ளே இருப்பது நீண்டால் அடிப்பகுதி மறைந்துபோகும். பெட்டிக்குள் அடிக்குறிப்பும் போட முடியாது.

லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில்

ரைட்டரில் அட்டவணையைப் பிடித்து இழுக்கக் குறியும் கிடையாது, அரவுண்ட் என்ற தேர்வும் கிடையாது. டேபிள் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஆட்டோமேட்டிக், லெஃப்ட், ஃப்ரம் லெஃப்ட், ரைட், சென்டர், மேனுவல் என்று அலைன்மென்ட் மட்டும் இருக்கும். அதில் ரைட் கொடுத்தால் அட்டவணை வலப்பக்கம் போகும், ஆனால் இடப்பக்கம் வெற்றிடமாகவே கிடக்கும், எழுத்து வராது. புதிதாக வருகிறவர்கள் இங்கே "ரைட்டர்ல முடியாது" என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முடியும். அட்டவணையை ஃப்ரேம் என்ற சட்டத்துக்குள் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கர்சரை இட்லிப் பாராவில் வைத்து இன்செர்ட், ஃப்ரேம், மறுபடியும் ஃப்ரேம். திறக்கும் டயலாக்கில் அகலம் 6 செ.மீ. உயரத்துக்குப் பக்கத்தில் ஆட்டோசைஸ் டிக் இருக்கட்டும், அப்போதுதான் வரிசை கூடக் கூடச் சட்டமும் வளரும். ஆங்க்கர் பகுதியில் நான்கு தேர்வு: டு பேஜ், டு பாராகிராஃப், டு கேரக்டர், ஆஸ் கேரக்டர். இட்லிக்கு டு பாராகிராஃப். கீழே பொசிஷனில் கிடைவாக்கில் ரைட், அது எதைப் பொறுத்து என்ற இடத்தில் பாராகிராஃப் ஏரியா. நெடுவாக்கில் டாப். ராப் தாவலுக்குப் போய் எழுத்து இடப்பக்கம் ஓடும்படி பிஃபோர் கொடுங்கள், இடது இடைவெளி 0.5. பிறகு பார்டர்ஸ் தாவலில் கோட்டை எடுத்துவிடுங்கள். மறந்தால் அட்டவணையைச் சுற்றி இன்னொரு கட்டம் வரும். ஓகே கொடுத்த பிறகு சட்டம் தேர்வாகி நிற்கும். என்டர் தட்டினால் கர்சர் அதற்குள் இறங்கும். கண்ட்ரோல் + எஃப்12 அடித்து அட்டவணையைப் போடுங்கள். அது தானாகச் சட்டத்தின் அகலத்துக்கு வந்துவிடும்.

ஏற்கெனவே இருக்கிற அட்டவணையை உள்ளே கொண்டுபோக வேண்டுமென்றால், டேபிள் மெனுவில் செலக்ட், டேபிள். வெட்டி, சட்டத்துக்குள் ஒட்டுங்கள். சில பதிப்புகளில் வெட்டும்போது உள்ளே இருக்கும் எழுத்து மட்டும் போய்க் காலிக் கட்டங்கள் பழைய இடத்திலேயே கிடக்கும். அங்கே கர்சரை வைத்து டேபிள் மெனுவில் டெலீட், டேபிள் கொடுத்துத் துடைத்துவிடுங்கள்.

டு பேஜ் என்ற தேர்வு வேர்டின் அட்டவணைக்கு இல்லாத ஒன்று. அதைக் கொடுத்தால் சட்டம் உண்மையிலேயே அந்தப் பக்கத்தோடு கட்டப்படும், எழுத்து எங்கே ஓடினாலும் இது நகராது. கேள்வித்தாள் மூலைக் கட்டத்துக்கு அருமை. எழுத்தோடு தொடர்புள்ள அட்டவணைக்கு ஆபத்து, விளக்கம் பத்தாம் பக்கத்துக்குப் போன பிறகும் அட்டவணை ஒன்பதிலேயே உட்கார்ந்திருக்கும். இன்னோர் எச்சரிக்கை: டு பாராகிராஃப் கொடுத்த சட்டம், அந்தப் பாராவை நீங்கள் அழித்தால் கூடவே போய்விடலாம். பழைய பாராவை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் சட்டத்தின் நங்கூரக் குறியை இழுத்து வேறு பாராவில் போட்டுவிடுங்கள்.

வேர்டுக்கும் ரைட்டருக்கும் இடையே கோப்பு போய்வரும்போது

வேர்டில் மிதக்கும் அட்டவணை உள்ள கோப்பை ரைட்டரில் திறந்தால், அது சட்டத்துக்குள் அட்டவணையாக மாறி வரும். சின்ன அட்டவணையென்றால் பெரும்பாலும் சரியாகவே வரும். பக்கம் தாண்டி நீளும் மிதக்கும் அட்டவணைகள்தான் நெடுநாளாகத் தகராறு செய்துகொண்டிருந்தன. 2023இல் வந்த லிப்ரே ஆஃபீஸ் 7.6 அவற்றைப் பக்கம் பிரித்துக் காட்டக் கற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றுக்காகவே புதுப்பிக்கலாம்.

இரண்டு பேர் இரண்டு மென்பொருளில் மாறி மாறித் திருத்துகிற கோப்பில் மிதக்கும் அட்டவணையைக் கடைசி நாள் வரை போடாமல் இருப்பது நல்லது. அட்டவணைகளை நன் நிலையிலேயே வைத்து எழுதி முடியுங்கள். எழுத்து இனி மாறாது என்ற பிறகு ஒருவர் மட்டும் உட்கார்ந்து எல்லாவற்றையும் இடம் பார்த்து வைத்து, பிடிஎஃப் எடுத்து அச்சுக்கு அனுப்பட்டும்.

மாட்டிக்கொண்டால்

ஆவணத்தின் முதல் வரியிலேயே அட்டவணை, அதற்கு மேலே தலைப்பு எழுத இடமில்லை என்றால், முதல் கட்டத்தில் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து என்டர் தட்டுங்கள். வேர்டிலும் ரைட்டரிலும் மேலே ஒரு வெற்றுப் பாரா வரும்.

அட்டவணையின் தலைப்பு, அதாவது "அட்டவணை 3: மாவட்ட வாரியாக" என்ற வரி, அட்டவணையை விட்டுப் பிரிந்து வேறெங்கோ கிடந்தால் அது உங்கள் தவறல்ல. அட்டவணை மிதக்கிறது, தலைப்பு தரையில் நிற்கிறது. அட்டவணைக்கு மேலே ஒரு வரிசை கூட்டி, கட்டங்களை ஒன்றாக்கி, அந்த வரிசையின் மேல், இட, வலக் கோடுகளை மட்டும் அழித்துவிட்டுத் தலைப்பை அதற்குள் வையுங்கள். இன்செர்ட் கேப்ஷன் வழியாகவே வைத்தால் அட்டவணைப் பட்டியலிலும் அது ஏறும்.

அட்டவணையைத் தேர்ந்தெடுத்து டெலீட் அடித்தும் கட்டங்கள் போகவில்லை என்றால், வேர்டில் டெலீட் எழுத்தை மட்டும்தான் அழிக்கும். பேக்ஸ்பேஸ் அடியுங்கள், முழுசாகப் போகும்.

இத்தனையும் செய்தும் ஓர் அட்டவணை அடங்கவில்லையென்றால் நன் கொடுத்துத் தரையிறக்குங்கள், மூவ் வித் டெக்ஸ்ட் முதல் எல்லாவற்றையும் புதிதாகக் கொடுங்கள். ஏற்கெனவே இழுத்து இழுத்துச் சேர்ந்த அளவுகளைத் திருத்துவதைவிட அது சீக்கிரம் முடியும்.